பழைய மிக்ஸி, ரேடியோ, குக்கர்: அந்த விளம்பரங்கள் யாரிடம் பேசின?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கேரளத்தின் பாலக்காடு ஜில்லாவில் உள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பாட்டி வீட்டை ஒழித்தபோது கிடைத்த சாமான்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மர்பி வால்வு ரேடியோ, சுமீத் மிக்ஸி, பிரெஸ்டீஜ் குக்கர், பித்தளை பம்ப் ஸ்டவ். அதோடு அலமாரித் தட்டுகளில் விரித்திருந்த பழைய பத்திரிகைத் தாள்கள், அவற்றில் இதே மாதிரி சாமான்களின் விளம்பரங்கள், பாதி தமிழில், பாதி மலையாளத்தில். இவை எந்தக் காலத்தவை, நம் ஊர்க்காரர்கள் விளம்பரத்தைப் பார்த்துத்தான் வாங்கினார்களா, இப்போது ப்ளக்கில் சொருகிப் பார்க்கலாமா என்று மூன்று கேள்வி. அந்தப் பக்கத்தில் எலக்ட்ரிகல் கடையில் விற்பனையும் ரிப்பேரும் பார்த்தவன் நான். தெரிந்த வரை சொல்கிறேன்.

சொருகிப் பார்க்கலாமா என்பதற்கு மட்டும் இப்போதே பதில்: வேண்டாம். காரணம் கடைசியில்.

முதலில் காலம். சாமானை விடத் தாள்கள்தான் நன்றாகக் காலம் சொல்லும். விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் விலாசமும் ஏஜெண்டுகள் பட்டியலும் இருக்கும், அதைப் பாருங்கள். விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது, அதற்குப் பிறகுதான் நயா பைசா. ஏஜெண்டுகள் பட்டியலில் 'திருவாங்கூர்-கொச்சி' என்று இருந்தால் 1949க்கும் 1956க்கும் நடுவில் வந்தது, அந்த மாநிலம் அவ்வளவு காலம்தான் இருந்தது. (நம் சித்தூர்த் தாலுகா அதற்கு முன் கொச்சி ராஜாவின் சீமை. சுற்றிலும் மலபார், கோயமுத்தூர் ஜில்லாக்கள், நடுவில் இது தனித் துண்டு. ஆந்திராவிலுள்ள சித்தூரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 'மெட்ராஸ் ஸ்டேட்' என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தையது என்று வைத்துக்கொள்ளலாம். விலாசத்தில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது.

எல்லையோரத்தில் இன்னொரு வசதி உண்டு. இரண்டு லிபியும் கையில் இருக்கிறது. மலையாளத்தில் கூட்டெழுத்துகளைக் குறைத்துச் சீர்திருத்திய லிபி 1971ல் வந்தது. தமிழில் யானைத் துதிக்கை மாதிரி வளைவு வைத்த பழைய லை, ணை, னை எல்லாம் 1978 அரசாணைக்குப் பிறகு மெல்ல மெல்லப் போயின. ஆகவே மலையாளத் தாள் புது லிபியிலும் தமிழ்த் தாள் துதிக்கை எழுத்திலும் இருந்தால், அந்தக் கட்டு பெரும்பாலும் எழுபதுகளைச் சேர்ந்தது. அச்சகங்கள் பழைய எழுத்தச்சுகளை உடனே தூக்கிப் போட்டுவிடவில்லை, ஆகையால் இரண்டு மூன்று வருஷம் முன்பின் விட்டுக் கணக்குப் போடுங்கள்.

ரேடியோவுக்கு வேறு சாட்சியே உண்டு. பாட்டி வீட்டில் லைசென்ஸ் புத்தகம் இருக்கிறதா என்று தேடுங்கள். ரேடியோ வைத்திருக்கத் தபாலாபீசில் வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், எண்பதுகளின் நடுவில்தான் அதை எடுத்தார்கள். கட்டிய ஒவ்வொரு தடவையும் புத்தகத்தில் தபாலாபீஸ் முத்திரை விழும். முதல் முத்திரையின் தேதிதான் ஏறக்குறைய அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த தேதி.

இனி, விளம்பரத்தைப் பார்த்தா வாங்கினார்கள் என்ற கேள்வி. இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். பழைய சாமான் விளம்பரம் எதை எடுத்தாலும் அதில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் படத்தில் சிரிக்கிற பெண். இன்னொருவர் படத்தில் இருக்க மாட்டார், வீட்டில் உட்கார்ந்து "அதெல்லாம் எதுக்கு, வேண்டாம்" என்று சொல்கிறவர். அந்த வாசகம் முழுவதும் இந்த இரண்டாவது ஆளுக்குச் சொல்கிற பதில். சாமான் வேண்டும் என்று ஆசைப்பட்டவளுக்கு விளம்பரமே தேவைப்படவில்லை. மாமியார், கையில் காசு வைத்திருந்த வீட்டுக்காரர், கரண்டைக் கண்டு பயந்த பெரியவர், இவர்களைச் சரிக்கட்டத்தான் அத்தனை வரிகள். உங்கள் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, "இது யார் சொன்ன 'வேண்டாம்'க்குப் பதில்?" என்று கேட்டுப் பாருங்கள், அந்தக் காலத்து வீட்டுப் பேச்சு காதில் விழும்.

மிக்ஸியில் தொடங்குவோம். சுமீத் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஜெர்மன் பிரவுன் கம்பெனி மிக்ஸர் ஒன்று பம்பாயில் மாதுரி மாத்தூர் என்பவர் வீட்டில் கருகிப் போனது. நம் ஊர் அரைப்புக்கு அது செய்யப்படவில்லை. அவர் கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் சீமென்ஸ் கம்பெனியில் எஞ்சினியர். ஊறிய உளுந்தையும் தேங்காயையும் தாங்குகிற மோட்டாரை அவர் உருவாக்க, 1963ல் தொடங்கிய கம்பெனியிலிருந்து சுமீத் வந்தது. அதனால்தான் அந்தக் கால மிக்ஸி விளம்பரங்களில் அழகைவிட மோட்டாரின் வாட்ஸ்தான் பெரிதாக நிற்கும். 'எரிந்து போகும்' என்ற பயத்துக்கு அதுதான் பதில்.

ஆனால் நம் பக்கத்தில் மாமியார் சொன்ன காரணம் வேறு: "அம்மியில அரைச்ச ருசி வராது." இதற்குப் பத்திரிகையில் பதில் சொல்ல முடியாது, கடையில்தான் சொன்னோம். சனிக்கிழமை சாயங்காலம் கடை வாசலில் மேஜை போட்டு டெமோ. சின்ன ஜாரில் காய்ந்த விரலி மஞ்சளைப் போட்டு மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்போம். முதலில் கல்லை உருட்டுகிற மாதிரிக் கடகடவென்று பயங்கரச் சத்தம் வரும், கூட்டம் ஓரடி பின்னால் போகும். சத்தம் மெல்ல இறங்கி ஒரே சீராக இரைந்தால் தூளாகிவிட்டது என்று அர்த்தம். தூளைச் செய்தித்தாளில் கொட்டி முன்வரிசையில் நிற்கிற பெரியம்மாவிடம் நீட்டுவோம். அவர் இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பக்கத்து ஆளிடம் நீட்டினால், அன்றைக்கு ஒரு மிக்ஸி விற்றது என்று வைத்துக்கொள்ளலாம். சட்னியை அரைத்துக் காட்ட மாட்டோம். சட்னி என்றால் ருசி பார்ப்பார்கள், ருசி பார்த்தால் அம்மி ஜெயித்துவிடும்.

கிரைண்டருக்கு இந்தத் தொல்லையே இல்லை, அதில் கல்லே இருக்கிறதே. 1955ல் கோயமுத்தூரில் பி. சபாபதி முதல் வெட் கிரைண்டரைச் செய்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. ஆட்டுரலில் உரல் நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் உரலைச் சுற்றவிட்டுக் குழவியை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான் சூட்சுமம். கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு சூடாகாது, நன்றாகப் பொங்கும். மிக்ஸியின் வேகத்தில் மாவு சூடேறிவிடும் என்பதை எந்த மிக்ஸி விளம்பரமும் சொல்லாது, எல்லா கிரைண்டர் விளம்பரமும் சொல்லும். 1932ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோயமுத்தூரில் மோட்டார் பட்டறைகள் பெருகின, அந்தப் பட்டறைகளின் வழியில் வந்ததுதான் கிரைண்டரும். இன்று 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடே இருக்கிறது.

நமக்குக் கோயமுத்தூர் கூப்பிடு தூரம். அதனால் கிரைண்டருக்குப் பத்திரிகை விளம்பரம் பார்த்து வந்தவர்கள் குறைவு. வேலந்தாவளம் ரோட்டில் சுவர் சுவராக நீலத்திலும் மஞ்சளிலும் எழுதியிருப்பார்கள், கடைப் பெயர், கிரைண்டர் பெயர், கீழே 'தவணை வசதி உண்டு'. சினிமாக் கொட்டகையில் இடைவேளையில் கண்ணாடி ஸ்லைடு போடுவார்கள். அப்புறம் சிவகாசி காலண்டர். முருகன் படமோ குருவாயூரப்பன் படமோ மேலே, கடைப் பெயர் கீழே. எந்தச் சாமியைப் போடுவது என்பதில்தான் எல்லைக் கடைக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இரண்டிலும் அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு, ஆளைப் பார்த்துக் கொடுக்கிற கடைகளும் உண்டு.

பின்னாளில் வந்த மேஜை கிரைண்டரோடு தேங்காய்த் துருவியும் கோதுமை மாவு பிசைகிற கையும் இணைப்பாக வந்தன. பிசைகிற கை அப்படியே பெட்டியில் தூங்கும். துருவி மட்டும், மூன்று வேளையும் தேங்காய் செலவாகிற நம் வீடுகளில், கிரைண்டரை விட அதிகம் உழைத்தது. கிரைண்டர் வேண்டாம் என்று நின்றவர்களைத் துருவியைக் காட்டித்தான் மடக்குவோம்.

எல்லை என்றதும் விலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய விளம்பரங்களில் விலைக்குப் பக்கத்தில் 'உள்ளூர் வரிகள் தனி' என்று இருக்கும். மற்ற ஊர்க்காரர்கள் அதைப் படித்திருக்கவே மாட்டார்கள். நமக்கு மொத்த வியாபாரமும் அந்த மூன்று சொல்லில்தான். கேரளத்தில் ஒரு விற்பனை வரி, தமிழ்நாட்டில் ஒரு விற்பனை வரி, நடுவில் கோபாலபுரம், வேலந்தாவளம், வாளையார் செக்போஸ்ட். பொள்ளாச்சியில் இந்த வாரம் மிக்ஸி குறைவு என்று தெரிந்தால் பஸ் ஏறிவிடுவார்கள். அட்டைப் பெட்டியைக் கடையிலேயே போட்டுவிட்டு, மிக்ஸியைத் துணிப்பையில் வைத்து மேலே இரண்டு கட்டுக் கீரையைச் செருகிக்கொண்டு வருவார்கள். வீட்டு உபயோகத்துக்கு ஒன்று கொண்டு வந்தவரை யாரும் பிடித்ததாக எனக்குத் தெரியாது, ஆனாலும் கீரை வைக்காமல் வர மாட்டார்கள். சிக்கல் பிறகு வரும். கேரண்டி கார்டில் பொள்ளாச்சிக் கடை முத்திரை இருக்கும், பாலக்காட்டு சர்வீஸ் சென்டரில் "வாங்கின இடத்துக்கே போங்க" என்பார்கள். 'இந்தியாவெங்கும் சர்வீஸ்' என்று விளம்பரத்தில் இருந்ததே என்று சண்டை போட்டவர்களுக்காக நானும் கூடப் போய் நின்றிருக்கிறேன், பலன் ஒன்றும் இல்லை. 2017ல் ஜிஎஸ்டி வந்து வரிச் செக்போஸ்ட்டுகள் போன பிறகு இந்தப் பஸ் வியாபாரமும் போயிற்று.

'ப்ரீத்திக்கு நான் கேரண்டி' என்ற வாசகம் தமிழ்நாட்டில் அவ்வளவு எடுபட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 1978ல் சென்னையில் தொடங்கிய மிக்ஸி கம்பெனி அது. முத்திரை குத்திய கார்டு எவ்வளவு தூரம் செல்லும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்த மனுஷி வாயால் சொல்கிற உறுதிதான் நம்பத் தகுந்ததாக இருந்தது.

கேரளத்திலிருந்து இந்தப் பக்கம் வந்த பெரிய சாமான், வோல்டேஜைச் சீராக வைக்கிற ஸ்டெபிலைசர். 1977ல் கொச்சியில் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி தொடங்கியது வி-கார்ட். கங்காரு போட்ட அந்தப் பெட்டி இல்லாத டிவி வீடு நம் பக்கம் அபூர்வம். கிழக்குச் சித்தூர் வறண்ட பூமி, கிணற்றுப் பாசனம். சாயங்காலம் எல்லாத் தோட்டத்திலும் மோட்டார் ஓடினால் வீட்டில் குண்டு பல்பின் இழை சிவந்து தெரியும், வெளிச்சம் வராது. ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் 'உம்' என்று உறுமும், அப்படியே விட்டால் காயில் போய்விடும். ஸ்டெபிலைசருக்குள் ரிலே 'டக் டக்' என்று மாறுகிற சத்தம் கேட்டால்தான் வீட்டில் நிம்மதியாக உட்காருவார்கள். ஃபிரிட்ஜ் விளம்பரங்களில் பனிக்கட்டியும் பழரசமும், கெல்வினேட்டரில் பென்குவினும் இருந்தன. லோ வோல்டேஜ் என்ற சொல் மட்டும் எதிலும் இருக்காது. அந்தச் சங்கடத்தைப் பேசியது ஸ்டெபிலைசர் விளம்பரம் மட்டும்தான்.

குக்கருக்கு எதிராகச் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: வெடிக்கும். பிரெஸ்டீஜ், ஹாக்கின்ஸ் இரண்டும் 1959ல் இங்கே தயாரிக்கத் தொடங்கினார்கள், இரண்டும் இங்கிலாந்துக் கம்பெனிக் கூட்டோடு. ஆரம்ப விளம்பரங்களில் எரிபொருள் மிச்சம், நேரம் மிச்சம், சத்து போகாது என்ற மூன்றும் தவறாமல் வரும். ஆனால் ஜனங்கள் கேட்டது பத்திரம். உங்கள் குக்கர் மூடி விளிம்பில் நீளமாக ஒரு வெட்டு இருக்கிறதா பாருங்கள். விசில் துளையும் அடைத்து, சேஃப்டி வால்வும் வேலை செய்யாமல் போனால், அந்த வெட்டு வழியாகக் கேஸ்கட் பிதுங்கி ஆவியை வெளியே விட்டுவிடும். சந்தையில் போலி சேஃப்டி வால்வுகள் புழங்கியதால் தேவைப்பட்ட ஏற்பாடு. பின்னால் எண்பதுகளில் பயம் தெளிந்ததும் பிரெஸ்டீஜ் விளம்பரம் பாதை மாறியது. மனைவி மேல் பிரியம் உள்ளவர் பிரெஸ்டீஜை எப்படி மறுப்பார் என்று இந்தியில் கேட்டார்கள். பணம் கொடுக்கிறவரை நேராகப் பிடித்து நிறுத்துகிற கேள்வி. நம் பக்கம் அந்த இந்தி பாதிப் பேருக்குப் புரியவில்லை, குக்கர் தாராளமாக விற்றது.

மர்பி ரேடியோவின் பாப்பாவையும் ஒனிடா டிவியின் பிசாசையும் சேர்த்துப் பேச வேண்டும். உதட்டில் விரல் வைத்த மர்பி குழந்தை காலண்டர், ரேடியோவே இல்லாத வீடுகளிலும் தொங்கியது. குழந்தைப் படம் மங்களம், யாரும் கழற்ற மாட்டார்கள். கம்பெனிக்கு வருஷம் முழுக்க இலவச விளம்பரம். ஒனிடா நேர் எதிர். கொம்பும் வாலும் வைத்த பிசாசு வந்து, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொறாமை, வைத்திருப்பவருக்குப் பெருமை என்றது. புது வீட்டு வாசலில் பூசணிக்காயும் திருஷ்டி பொம்மையும் கட்டுகிற ஊரில், 'பொறாமைப்படுவார்கள், வாங்கு' என்றால்? எங்கள் கடையில் டிவி வாங்கிவிட்டு, பெட்டியின் மேலுள்ள பிசாசைக் காகிதம் ஒட்டி மறைத்துக் கொடு என்று கேட்டவர் உண்டு. ஆனாலும் வாங்கினார். கடையில் சென்னையின் சாலிடேர், டயனோரா ஒரு வரிசை, கேரள அரசின் கெல்ட்ரான் ஒரு வரிசை என்று வைத்திருப்போம். அந்த வரிசைகளைத் தாண்டி வந்து பிசாசைக் கேட்டார் என்றால் அந்த விளம்பரம் எதையோ சரியாகத் தொட்டிருக்கிறது.

வளைகுடா சாமானுக்கு விளம்பரமே கிடையாது. லீவுக்கு வந்தவர் வீட்டுத் திண்ணையில் டூ-இன்-ஒன் (ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி) பாடினால் தெருவுக்கே தெரியும். அதன் முதுகில் 110, 220 என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். அப்போது சவூதியில் பல இடங்களில் வோல்டேஜ் குறைவாக இருந்தது. அங்கே வைத்த அளவிலேயே இங்கே சொருகிப் புகையவிட்ட பெட்டிகள் லீவு சீசனில் கடைக்கு வந்துகொண்டே இருக்கும்.

சரி, இப்போது உங்கள் சாமான்கள்.

ரேடியோவை நேராகச் சொருகக் கூடாது. பல வருஷம் சும்மா கிடந்த வால்வு செட்டில் கண்டென்சர்கள் காய்ந்திருக்கும். மெக்கானிக் சீரீஸ் லேம்ப் வைத்துப் பார்ப்பார், அதாவது குண்டு பல்பு வழியாகக் கரண்டை விடுவார். பல்பு முழுசாக எரிந்தால் உள்ளே ஷார்ட், ஒரு தடவை எரிந்து மங்கினால் நம்பிக்கை உண்டு. சில பழைய ஏசி/டிசி செட்டுகளில் உள்ளே இருக்கிற தகரச் சட்டத்திலேயே கரண்ட் இருக்கும். பின் மூடியைத் திறந்து விரலை விடாதீர்கள். ஓடாவிட்டாலும் பெட்டியையும் டயலையும் அப்படியே வையுங்கள், சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். வார்னிஷ் புதிதாக அடித்தால் மதிப்பு இறங்கும்.

பம்ப் ஸ்டவ்வைத் தேய்த்து ஷோகேஸில் வையுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்துப் பார்க்கிற ஆசையே வேண்டாம். உள்ளே தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும், அடைப்புள்ள ஜெட்டில் பம்ப் அடித்தால் என்ன ஆகும் என்று அந்தக் காலத்துப் பெண்களைக் கேளுங்கள்.

குக்கரில் சமைக்கலாம், ஆனால் கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் புதிதாக, அதே கம்பெனியின் ஒரிஜினலாகப் போட வேண்டும். அடிப்பாகம் குவிந்திருந்தாலோ மூடி ஆடினாலோ விட்டுவிடுங்கள்.

மிக்ஸிதான் மறுபடி உழைக்க வாய்ப்புள்ள சாமான். ஜாரைக் கழற்றிவிட்டு மேலே உள்ள கப்ளரைக் கையால் சுற்றுங்கள். இறுகியிருந்தால் மோட்டார் தண்டைத் தாங்குகிற புஷ்ஷில் எண்ணெய் கட்டியாகிவிட்டது, சுத்தம் செய்தால் சரியாகும். தாராளமாகச் சுற்றினால் கார்பன் பிரஷ் இரண்டையும் வெளியே எடுத்து நீளம் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பின் ப்ளக்கும் இரும்பு உடம்புமாக இருந்தால் மூன்று பின் வயர் போட்டு எர்த் கொடுக்காமல் தொடவே கூடாது. மோட்டாரில் சுற்றுகிற பாகமான ஆர்மேச்சர் கருகியிருந்தால் பொள்ளாச்சியிலோ கோயமுத்தூரிலோ வைண்டிங் கடையில் கேட்டுப் பாருங்கள், புது மிக்ஸி விலையில் பாதிக்கு மேல் சொன்னால் விட்டுவிடலாம். போவதற்கு முன்னால் அடியில் உள்ள தகட்டைப் படமெடுத்து அனுப்பினால், வாட்ஸும் மாடல் எண்ணும் பார்த்து எந்தக் காலத்தது என்று சொல்லப் பார்க்கிறேன்.